வரி போடாமல் பூட்டிய பள்ளிகள்

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுன்ட்டி, அதாவது மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு, இருக்கிறது. புகையிலை விளையும் மண். தலைமையிடம் ஃபார்ம்வில் என்னும் சிற்றூர். 1950களில் அங்கே வாழ்ந்தவர்கள் 15,000 பேர் அளவில். அவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் கறுப்பினத்தவர். அந்தக் கவுன்ட்டி 1959 முதல் 1964 வரை ஐந்து கல்வியாண்டுகள் தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டி வைத்தது. இரு இனக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதை ஏற்பதைவிடப் பள்ளிக்கூடமே இல்லாமல் போகட்டும் என்று அதன் ஆட்சியாளர்கள் முடிவெடுத்தார்கள். சுமார் 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

இதை நிறவெறியின் கதை என்பார்கள். உண்மைதான். ஆனால் நிறவெறி அந்நாளில் தென்மாநிலங்கள் முழுக்க நிறைந்திருந்தது. பிரின்ஸ் எட்வர்டில் நாம் பார்க்க வேண்டியது, அந்த வெறி எந்தக் கருவியைக் கையில் எடுத்தது என்பதை. அங்கே யாரும் பள்ளியைக் கொளுத்தவில்லை. வாசலில் தடியோடு நிற்கவில்லை. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிகளுக்கான தொகையை ஒதுக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். ஒரு தலைமுறையின் படிப்பை அழிக்க அதுவே போதுமானதாக இருந்தது. அப்படி ஒரு கருவி அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது எப்படி என்பதே இந்தத் தலையங்கம் எழுப்பும் கேள்வி. அந்தக் குற்றத்தில் கவுன்ட்டியின் கல்வி நிர்வாகத்தை அப்படி அமைத்தவர்களுக்கும் அப்படியே விட்டுவைத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பது நம் தீர்ப்பு.

வெர்ஜீனியாவில் பொதுப் பள்ளி முறை உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்தில், 1870ல் தொடங்கியது. விடுதலை பெற்ற அடிமைகளின் வாக்கும் சேர்ந்து உருவாக்கிய அரசமைப்பின் கொடை அது. முப்பது ஆண்டு கழித்து வெள்ளையர் ஆதிக்கம் திரும்பியபோது எழுதப்பட்ட 1902ஆம் ஆண்டு அரசமைப்பு, இரு இனக் குழந்தைகளையும் ஒரே பள்ளியில் வைத்துக் கற்பிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தது. 1922ல் சிறு சிறு வட்டார வாரியங்கள் ஒழிக்கப்பட்டு, கவுன்ட்டி முழுவதும் ஒரே பள்ளி வாரியத்தின்கீழ் வந்தது. ஒரு கண்காணிப்பாளர், ஒரே கணக்கு, ஒரே சம்பளப் பட்டியல். ஓர் ஆசிரியர் மட்டுமே இருந்த சிற்றூர்ப் பள்ளிகளை இணைத்து உயர்நிலைப் பள்ளி கட்டவும் பேருந்து விடவும் அந்த ஏற்பாடு வழி செய்தது. நிர்வாகச் சீர்திருத்தம் என்ற அளவில் அது நல்ல காரியம்தான்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் நடுவிலேயே ஒரு பிளவு இருந்தது. பள்ளிகளை நடத்துவது பள்ளி வாரியம். வரி போடுவதும் பணம் ஒதுக்குவதும் மேற்பார்வையாளர் மன்றம் என்னும் கவுன்ட்டியின் ஆட்சிமன்றம். பள்ளி வாரியத்துக்கு ஒரு சென்ட் வரி போடவும் அதிகாரம் கிடையாது. அதன் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, அவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். பள்ளிக்குப் பொறுப்பானவர்களிடம் பணம் இல்லை; பணம் வைத்திருந்தவர்களுக்குப் பள்ளியின் பொறுப்பு இல்லை. இந்தப் பிளவுக்குள்தான் ஐந்தாண்டுக் கொடுமை நுழைந்தது.

பள்ளிகள் வளர்ந்த விதமும் அதே கதையைச் சொல்கிறது. கறுப்பின மாணவர்களுக்கென ஃபார்ம்வில்லில் 1939ல் கட்டப்பட்ட ராபர்ட் ருஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கானது. 1951ல் அங்கே படித்தவர்கள் 450க்கும் மேல். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை, அறிவியல் ஆய்வுக்கூடம் இல்லை. இவை எல்லாம் ஊரின் வெள்ளையர் பள்ளியில் இருந்தன. பெற்றோர் மன்றாடியதற்குக் கவுன்ட்டி தந்த பதில், பள்ளி வளாகத்தில் எழுப்பிய மரச்சட்டக் கொட்டகைகள். சுவரிலும் கூரையிலும் தார்த்தாள் அடித்த அவற்றைக் கோழிக் கொட்டகை என்று நினைத்தவர்களும் உண்டு. குளிர்காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு வியர்க்கும். கடைசி வரிசைப் பிள்ளைகள் மேல்கோட்டைக் கழற்றாமல் நடுங்கிக்கொண்டே எழுதுவார்கள். மழை வந்தால் கூரை ஒழுகும். வகுப்புக்குள்ளேயே குடை விரியும். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுவது நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. அதற்கேற்பச் செலவு செய்யத் தகுதியானவர்கள் என்று அந்தப் பிள்ளைகளை அது கருதவில்லை.

பெரியவர்கள் கேட்டுக் கிடைக்காததைப் பிள்ளைகளே கேட்டார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரை ஒரு தொலைபேசி அழைப்பின் சாக்கில் ஊருக்குள் அனுப்பிவிட்டு, மாணவர்கள் அனைவரும் அரங்கில் கூட்டப்பட்டார்கள். திரை விலகியபோது மேடையில் நின்றவர் 16 வயது பார்பரா ரோஸ் ஜான்ஸ். ஆசிரியர்களை வெளியே போகும்படி கேட்டுக்கொண்டு, வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். பள்ளியே எழுந்து அவர் பின்னால் நடந்தது. அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வழக்கறிஞர்கள், பிரிவினையையே எதிர்ப்பதாக இருந்தால்தான் வழக்கை எடுப்போம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோரும் அதற்குத் துணிந்தார்கள். அந்த வழக்கு, 1954 மே 17 அன்று பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கின் ஐந்து கிளைகளில் ஒன்றாயிற்று. ஐந்தில் மாணவர் போராட்டத்திலிருந்து பிறந்தது இது ஒன்றே. அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். பார்பராவின் பாதுகாப்புக்காகக் குடும்பத்தார் அவரை அலபாமாவில் இருந்த மாமாவின் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியர் வேலை இழந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பொறுப்பு எங்கெங்கே கை மாறியது என்பது அப்போதுதான் புலப்படும். பிரவுன் தீர்ப்பை எப்படி நிறைவேற்றுவது என்று 1955ல் சொன்ன உச்ச நீதிமன்றம் காலக்கெடு எதுவும் விதிக்கவில்லை. உரிய நிதானத்தோடு விரைந்து செய்யுங்கள் என்ற பொருளில் முடித்துக்கொண்டது. பிரின்ஸ் எட்வர்ட் அந்த நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பள்ளிகளுக்கு ஆண்டு முழுவதற்கும் பணம் ஒதுக்கும் வழக்கத்தை மேற்பார்வையாளர் மன்றம் கைவிட்டு, மாதாமாதம் அளந்து கொடுக்கத் தொடங்கியது. சேர்ந்து படிக்கச் சொல்லி ஆணை வரும் நாளில் குழாயை மூடிவிடலாம் என்பது கணக்கு. அதே 1955ல் வெள்ளையர் குழந்தைகளுக்கான தனியார் பள்ளிக்கென ஓர் அறக்கட்டளையும் தயாரானது. ஆக, 1959ல் நடந்தது ஒரு நொடி ஆத்திரத்தில் செய்ததல்ல. நான்கு ஆண்டுகள் திட்டமிட்டுச் செய்தது.

மாநிலமும் கை கொடுத்தது. பிரவுன் தீர்ப்புக்கு எதிராகச் செனட்டர் ஹாரி பேர்ட் அழைப்பு விடுத்த பெரும் எதிர்ப்பு இயக்கத்தின் பெயரால், 1958ல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், வாரன் கவுன்ட்டி ஆகிய இடங்களில் ஆளுநரே பள்ளிகளை மூடினார். 1959 ஜனவரியில் மாநில, கூட்டாட்சி நீதிமன்றங்கள் இரண்டுமே அது செல்லாது என்றன. தோற்ற மாநில அரசு பின்வாங்குவதுபோலப் பின்வாங்கி, கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கியது. கட்டாயம் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு கவுன்ட்டியும் முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டது. மாநிலம் செய்யக் கூடாததைக் கவுன்ட்டி செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இனி தாமதிக்கக் கூடாது, செப்டம்பரில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்ட சில வாரங்களில், 1959 ஜூனில், மேற்பார்வையாளர்கள் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தார்கள். பள்ளி வாரியத்துக்கு வரிபோடும் அதிகாரம் இல்லை என்பதால் பள்ளிகள் திறக்கப்படவில்லை.

அந்தச் செப்டம்பரில் வெள்ளையர் குழந்தைகள் தேவாலய அறைகளிலும் பழைய கடைகளிலும் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமியின் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலமும் கவுன்ட்டியும் அவர்களுக்குக் கல்விக் கட்டண மானியம் தந்தன. அத்தகைய தனியார் பள்ளிக்கு நன்கொடை தந்தவர்களுக்குச் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழிவும் கிடைத்தது. பொதுப் பள்ளிக்கு ஒரு டாலர் இல்லை என்ற கருவூலத்தில் தனியார் பள்ளிக்கு மட்டும் பணம் இருந்தது. கட்டணம் கட்ட வழியில்லாத ஏழை வெள்ளையர் குழந்தைகள் சிலரும் படிப்பை இழந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கறுப்பினக் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது? அவர்களுக்கும் ஒரு தனியார் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர்கள் முன்வந்தார்கள். வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. பொதுப் பள்ளிக்கான உரிமையைத் தனியார் தயவுக்கு விற்க அந்தப் பெற்றோர்கள் மறுத்தார்கள். பாதிரியார் ஃபிரான்சிஸ் கிரிஃபின் அந்தப் போராட்டத்தைத் தோளில் சுமந்தார். தேவாலயங்களின் அடித்தளங்களில் பெண்கள் கூடிச் சிறு பயிற்சி மையங்கள் நடத்தினார்கள். மூத்த மாணவர்கள் சிலர் வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரிக்குப் போனார்கள். குவேக்கர்களின் சேவை அமைப்பு சிலரை வேறு மாநிலங்களில் அறிமுகமில்லாத குடும்பங்களின் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. எஞ்சிய நூற்றுக்கணக்கானோர் வயலுக்குப் போனார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வயதில் முதல் வகுப்பு சேர வேண்டிய பிள்ளைக்குப் பதினொரு வயதாகும்வரை பொதுப் பள்ளி இல்லை. பதினான்கு வயதில் நின்றவருக்குப் பள்ளி திறந்தபோது வயது பத்தொன்பது. அவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை.

வழக்கு அதற்குள் நீதிமன்றங்களின் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளி நடத்துவதும் நடத்தாததும் கவுன்ட்டியின் விருப்பம் என்று மாநில உச்ச நீதிமன்றமே 1963ல் சொன்னது. அந்த ஆண்டு கென்னடி நிர்வாகத்தின் முயற்சியால் தனியார் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் ஓராண்டுக்கு நடந்தன. இறுதியாக 1964 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிஃபின் வழக்கில், கவுன்ட்டி செய்தது அரசமைப்புக்கு விரோதம் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், நிதானத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றார். தேவைப்பட்டால் வரி விதிக்கச் சொல்லி மேற்பார்வையாளர்களுக்கே ஆணையிடலாம் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதை அந்த நீதிமன்றம் கண்டுகொண்டது. ஆனால் அதற்குள் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன.

அதற்குப் பிறகும் அடங்கினார்களா? அந்த ஆகஸ்டில் ஓர் இரவு, வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கும்போதே, சுமார் 1,80,000 டாலர் மானியத்தை வெள்ளையர் பெற்றோருக்குக் காசோலைகளாகப் பகிர்ந்தார்கள். சொல்லி அனுப்பப்பட்ட பெற்றோர்கள் இரவிலேயே வந்து வரிசையில் நின்றார்கள். விடிந்து நீதிமன்றம் விழித்துக்கொள்ளும் முன் பணம் கைமாறிவிட வேண்டும் என்ற அவசரம். பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்தது. பட்டப்பகலில் சட்டத்தின் பெயரால் பேசியவர்களின் உண்மை முகத்தை அந்த ஓர் இரவு காட்டியது.

இனி நம் தீர்ப்பு.

மேற்பார்வையாளர் மன்றம் குற்றவாளி. வரியைக் குறைத்தோம், உள்ளூர் உரிமையைக் காத்தோம் என்ற வாதம் எதுவும் நிற்காது. உள்ளூர் உரிமை என்பது உள்ளூரில் வாழும் எல்லோருடைய உரிமை. கவுன்ட்டியில் ஏறக்குறையப் பாதிப் பேரின் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டு அந்தச் சொல்லை உச்சரிக்க யாருக்கும் அருகதை கிடையாது.

வெர்ஜீனியா மாநிலம் குற்றவாளி. பள்ளி நடத்துவது தன் கடமை என்று எழுதிவைத்துவிட்டு, அந்தக் கடமையைக் கவுன்ட்டியின் விருப்பமாக்கியது. தீங்கு தன் கையால் நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காகவே அதிகாரத்தைக் கீழே இறக்கிய அரசுக்குத் தீங்கில் முழுப் பங்கு உண்டு.

கூட்டாட்சி அரசும் தப்ப முடியாது. பிள்ளைகள் ஐந்தாண்டு காத்திருந்தது சட்ட நடைமுறையின் இயல்பு என்று யாராவது சொன்னால், ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் மேல்முறையீட்டுக்காகக் காத்திராது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களையும் விட்டுவிட மாட்டோம். ஊரின் செய்தித்தாளான ஃபார்ம்வில் ஹெரால்ட் அந்த ஆண்டுகளில் பூட்டியவர்களின் பக்கம் நின்றது. அதை நடத்திய பாரி வால் அந்த இயக்கத்தின் தூண்களில் ஒருவர். ஊருக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய பத்திரிகை ஊரின் பலசாலிகளுக்கு வாயாக இருந்தது. பத்திரிகை எழுதும் எவருக்கும் அது நிரந்தர எச்சரிக்கை.

வெள்ளையர்களில் எல்லோரும் கொடியவர்கள் அல்லர் என்று ஒரு வாதம் உண்டு. ஒப்புக்கொள்கிறோம். மனச்சாட்சி உறுத்தியவர்கள் இருந்தார்கள். சிலர் வெளிப்படையாகவும் பேசினார்கள். ஆனால் பெரும்பாலோர் பேசவில்லை. நிர்வாக அமைப்பு அவர்களுக்கு வசதியாக இருந்தது: யாரும் எதற்கும் கையெழுத்திட வேண்டியதில்லை, ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே போதும். மௌனத்தாலேயே அநீதி செய்யமுடிகிறபடி ஒரு நிறுவனம் அமைந்திருந்தால், மிதமான நல்லவர்களும் அதன் பணியாளர்கள் ஆகிவிடுவார்கள். எனவேதான் நிறுவனத்தின் அமைப்பை நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது.

பிறகு பரிகாரங்கள் வந்தன. 1971ஆம் ஆண்டு வெர்ஜீனியா அரசமைப்பு, பள்ளிகளுக்கான செலவில் தன் பங்கைச் செலுத்துவது ஒவ்வோர் உள்ளூர் ஆட்சியின் கடமை என்று எழுதியது. பிரின்ஸ் எட்வர்டின் பாடம் அதில் இருக்கிறது. 1992க்குப் பிறகு மக்கள் விரும்பினால் பள்ளி வாரியத்தைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. மாநில சட்டமன்றம் 2003ல் வருத்தம் தெரிவித்தது. படிப்பை இழந்தவர்களுக்கு 2004ல் உதவித்தொகைத் திட்டம் வந்தது. மோட்டன் பள்ளி இன்று அருங்காட்சியகம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வெர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமை முறை மாநிலங்களின் படைத்தளபதியான ராபர்ட் லீயின் சிலை 2020ல் அகற்றப்பட்டு, அந்த இடத்துக்குப் பார்பரா ஜான்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவற்றை வரவேற்கிறோம். ஆனால் எட்டு வயதில் மறுத்த எழுத்தறிவுக்கு ஐம்பது வயதில் தரும் உதவித்தொகை ஈடாகாது. அது நன்றிக்குரிய சலுகையும் அல்ல. வட்டியே கட்டாமல் தாமதமாகத் திருப்பிய கடனில் ஒரு சிறு தவணை.

பிளவு இன்னும் முழுதாக அடைபடவும் இல்லை. வெர்ஜீனியாவின் பள்ளி வாரியங்களுக்கு இன்றும் வரிபோடும் அதிகாரம் கிடையாது. கல்வி அரசமைப்பு உறுதி தந்த அடிப்படை உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973ல் ரொட்ரிகஸ் வழக்கில் சொன்னது. அந்நிலை இன்றும் மாறவில்லை. பல மாநிலங்களில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பொதுப் பணம் தரும் திட்டங்கள் பெருகுகின்றன. அவை எல்லாம் பிரின்ஸ் எட்வர்டின் நோக்கத்தில் பிறந்தவை என்று சொல்லமாட்டோம். பொதுப் பள்ளி கைவிட்ட ஏழைப் பெற்றோருக்கு அதில் நியாயமான ஆசையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் கை வைக்கும் எந்த அரசும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: அந்த ஊரின் கடைசிப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லாத நல்ல பள்ளி ஒன்று திறந்திருக்கிறதா? இல்லையென்றால், மற்றவர்களுக்குத் தரும் மானியம் அந்தப் பிள்ளையிடமிருந்து பறித்ததுதான்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இது. ஒரு கவுன்ட்டியின் கல்வி நிர்வாகத்தில் பள்ளியை நடத்தும் பொறுப்பும் அதற்குப் பணம் தரும் கடமையும் பிரிக்க முடியாதபடி சட்டத்தால் கட்டப்பட வேண்டும். பள்ளிக்குப் பணம் ஒதுக்காமல் இருப்பது ஒரு மன்றத்தின் விருப்பமாக இருக்கக் கூடாது. அப்படி ஒதுக்கத் தவறினால் மாநிலம் அந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே தலையிட்டாக வேண்டும். கல்வி அடிப்படை உரிமை என்று அமெரிக்க அரசமைப்பு சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை, பார்பரா ஜான்ஸின் சிலைக்கு எவ்வளவு உயரம் கொடுத்தாலும் அவர் மேடையேறிக் கேட்டதை அந்த நாடு முழுதாகக் கொடுத்துவிட்டதாகாது.